கண்ணாடி அலமாரி ரோபோக்கள்: கடைக்கு வர்றவங்க கேட்டுக்கிட்டே இருக்குற கேள்விகள்

கும்பகோணத்துல சின்னதா ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். கல்லாவுக்குப் பின்னால ஒரு கண்ணாடி அலமாரி, நோட்டு பேனா வைக்க வேண்டிய எடத்துல முப்பத்தெட்டு ரோபோ பொம்மை நிக்குது. எல்லாமே காரா லாரியா ப்ளேனா மாறுற ஜாதி, பெரும்பாலும் 1980-கள்ல வந்தது. ஆதார் காப்பி எடுக்க வர்றவங்க பேப்பர் வெளிய வர்ற வரைக்கும் அதைத்தான் பாப்பாங்க, பாத்துட்டு அதே கேள்விகளைத்தான் கேப்பாங்க. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, அதான் மொத்தமா எழுதிப் போட்டுட்டேன். முடிஞ்சா மேல இருந்து படிங்க, ஒரு தடவை சொன்னதை மறுபடி சொல்ல மாட்டேன்.

அண்ணே, ட்ரான்ஸ்ஃபார்மர்னா தெருமுனையில ஈபிக்காரங்க வெச்சிருக்கறது தானே? இது என்ன?

அதுவும் ட்ரான்ஸ்ஃபார்மர்தான், இதுவும் ட்ரான்ஸ்ஃபார்மர்தான். அது வெடிச்சா கரண்ட் போகும், இது உடைஞ்சா எனக்கு மூச்சு போகும். கையில வெச்சுப் பாத்தா சாதாரண கார் பொம்மை, பேனட்டை இழுத்து, கதவை விரிச்சு, அடிப்பக்கத்தை மடிச்சா ஒரு மனுஷ உருவம் வந்துடும், திருப்பி மடிச்சா கார். பெரும்பாலும் எதையும் கழட்டிப் பூட்ட வேண்டாம், எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டே இருக்கும். அவ்ளோதான் சமாச்சாரம்.

இது அமெரிக்கா பொம்மையா ஜப்பான் பொம்மையா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க

ரெண்டு பேர் சொல்றதும் பாதி சரி. பொம்மையை யோசிச்சு அச்சு வெட்டினது ஜப்பான்ல டகாரா கம்பெனி. அவங்க கிட்ட 1974-ல இருந்தே மைக்ரோமேன்னு ஒரு வரிசை இருந்துச்சு, 1980-ல டயாக்ளோன்னு இன்னொண்ணு ஆரம்பிச்சாங்க. டயாக்ளோன்ல 1982-ல ரோபோவா மாறுற கார்களை விட்டாங்க. மைக்ரோமேன் பக்கம் 1983-ல மைக்ரோ சேஞ்சுன்னு ஒரு கிளை வந்துச்சு. அமெரிக்காவோட ஹாஸ்ப்ரோ கம்பெனி இதைப் பாத்துட்டு, ரெண்டு வரிசையில இருந்தும் பொம்மைகளைப் பொறுக்கி எடுத்து, 1984-ல ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்னு ஒரே பேர்ல வித்தாங்க.

நல்லவன் கூட்டம், கெட்டவன் கூட்டம், ஆளுக்கு ஒரு பேரு, ஒரு குணம், இதெல்லாம் அமெரிக்காவுல மார்வெல் காமிக்ஸ்காரங்களை வெச்சு எழுதினது, பேர்கள்ல முக்கால்வாசி பாப் புடியான்ஸ்கி வெச்சது. லாரியா மாறுற நல்லவன் தலைவனுக்கு ஆப்டிமஸ் பிரைம்ங்கற பேரை டென்னி ஓ'நீல் வெச்சாரு, ஜப்பான்ல இன்னிக்கும் அதே பொம்மையை கான்வாய்னுதான் சொல்றாங்க. ஆக பொம்மை முதல்ல பொறந்துச்சு, பேரும் கதையும் பின்னால வந்துச்சு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ பல கேள்விக்கு இதுலதான் பதில் இருக்கு.

கார் கதவைத் திறந்தா உள்ள சீட்டு இருக்கே, ரோபோவுக்கு எதுக்கு சார் டிரைவர் சீட்டு?

இந்தக் கேள்வியை ஒரு அஞ்சாங்கிளாஸ் பொண்ணு கேட்டுச்சு, எனக்கு அவ்ளோ சந்தோஷம். டயாக்ளோன் கதையில ரோபோவுக்கு உசுரு கிடையாது, அது வெறும் மெஷின், உள்ள ஒரு ஆள் உக்காந்து ஓட்டணும். அந்த ஆள் பொம்மை ஒரு அங்குல உயரம்தான், காலுக்கு அடியில குட்டி காந்தம் வெச்சிருப்பாங்க, உலோகத்து மேல நிப்பான். அமெரிக்காவுக்குப் போனப்ப ரோபோவுக்கே உசுரு குடுத்துட்டாங்க, டிரைவருக்கு வேலை போச்சு. ஆனா அச்சை மாத்த யாரு செலவு பண்ணுவா, சீட்டு அப்படியே தங்கிடுச்சு. ப்ளேன் ரோபோவுல பைலட் உக்கார்ற எடத்துக் கண்ணாடி தொறக்கறதும் அதனாலதான்.

இதே காரணத்தால இன்னொரு சந்தேகமும் தீரும். கைத்துப்பாக்கியா மாறுற கெட்டவன் தலைவன் மெகட்ரானும் லாரியா மாறுற பிரைமும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துல நின்னு சண்டை போடுறது எப்படின்னு கேப்பாங்க. டயாக்ளோன் கார் எல்லாம் நிஜக் காரை அறுபதுல ஒரு பங்கா சுருக்கினது. மைக்ரோ சேஞ்ச் பொம்மை எல்லாம் வீட்டுல கெடக்குற சாமான், துப்பாக்கி, கேசட், கேமரா, குழந்தை விளையாடுற குட்டிக் கார், கிட்டத்தட்ட நிஜ சைஸ்லயே. ரெண்டு வேற வேற ஊரு சனத்தை ஒரே பந்தியில உக்கார வெச்ச கதை.

பம்பிள்பீ ரோபோ கேமரோ கார் தானே? உங்க கிட்ட இருக்கறது உருண்டையா இருக்கே, டூப்ளிகேட்டா?

கேமரோ 2007-ல வந்த சினிமாவுக்காக மாத்தினது. 1984 பொம்மை ஃபோக்ஸ்வாகன் பீட்டில், அதுவும் நிஜ பீட்டிலோட அளவுல சுருக்கினது இல்ல, குழந்தைக் கார் மாதிரி வேணும்னே குட்டையா கொழுகொழுன்னு செஞ்சது. ஒரு பையன் என் முகத்துக்கு நேரா "ஏமாந்துட்டீங்க மாமா"ன்னுட்டான். ஏமாறலடா தம்பி, நீ பொறக்கறதுக்கு இருபத்தஞ்சு வருஷம் முன்னாடியே அது பீட்டில்.

நம்ம ஊருக்கு இதெல்லாம் எப்படி வந்துச்சு? அந்தக் காலத்துல கடையில வித்தாங்களா?

எனக்குத் தெரிஞ்சு டெல்டாவுல எந்தக் கடையிலயும் நான் பாத்ததில்ல. எல்லாம் பெட்டியில வந்ததுதான். மன்னார்குடி, திருவாரூர், நாகூர் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடான்னு போயிருப்பாங்க. கூத்தாநல்லூருக்கு சின்ன சிங்கப்பூர்னே பேரு. நாகப்பட்டினம் வழியா போய்ட்டிருந்த எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில தீப்பிடிச்சதோட ஓட்டம் நின்னுச்சு, அப்புறம் எல்லாரும் ப்ளேன்தான். ப்ளேன்ல கிலோ கணக்கு உண்டு. கோடாலித் தைலம், டார்ச் லைட், கைலி, சென்ட்டு, அக்கா தங்கச்சிக்கு நைலக்ஸ் சேலை, எல்லாம் போக மிச்ச எடத்துல பொம்மை. அட்டைப் பெட்டி எடத்தை அடைக்கும்னு அங்கேயே கிழிச்சுப் போட்டுட்டு பொம்மையைத் துண்டுல சுத்திக் கொண்டாருவாங்க.

அட்டையோட என்ன போச்சுன்னா, பேரு போச்சு, எப்படி மாத்தணும்னு படம் போட்ட காகிதம் போச்சு, அட்டைப் பின்னாடி இருந்த குணக்குறிப்பு போச்சு. எங்க தெருவுல எந்தப் பொம்மைக்கும் பேர் தெரியாது. எங்க சித்தப்பா 1987-ல எனக்குக் கொண்டாந்தது "லாரி ரோபோ", எதுத்த வீட்டுல இருந்தது "போலீஸ் காரு", பாய் வீட்டுல "டேப்பு". ஆப்டிமஸ் பிரைம்னு ஒரு பேர் இருக்குன்னே எனக்கு கல்யாணம் ஆகறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் தெரியும். யாரு நல்லவன் யாரு கெட்டவன்னு தெரியாது, நாங்க வெச்சதுதான் சட்டம். தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, எந்த மூட்டு எந்தப் பக்கம் திரும்பும்ங்கறது.

என்ன விலை சார் போகும்?

நிலவரம் மாறிட்டே இருக்கும். அட்டை, காகிதம், துப்பாக்கி எல்லாம் இருந்தா ஒரு விலை, வெறும் உடம்பு மட்டும்னா அதுல கொஞ்சூண்டு. நான் போலீஸ் காரை காயலான் கடையில எடை போட்டு வாங்கினேன், பதினேழு ரூபாய். அதை வெச்சு எல்லாரும் காயலான் கடைக்கு ஓடாதீங்க, நான் பன்னெண்டு வருஷமா போய்ட்டிருக்கேன், கெடைச்சது மொத்தம் அஞ்சு.

இப்ப வர்ற பொம்மை முட்டி மடக்குது, விரல் மடக்குது, உங்க பொம்மை மரப்பாச்சி மாதிரி நிக்குது. இதுல என்ன இருக்குன்னு வெச்சுக் கொண்டாடுறீங்க?

மரப்பாச்சின்னு சொன்னது சரிதான், நான் கோவிச்சுக்கல. பிரைமுக்கு இடுப்பு திரும்பாது, கால் தனியா எட்டு வைக்காது. இப்ப வர்றதுல ஐம்பது எடத்துல மூட்டு இருக்கும், ஆனா அதை மாத்த நான் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு யூடியூப் பாக்கணும், அரை மணி நேரம் ஆகும். பழசு அப்படி இல்ல. அந்த போலீஸ் காரை எடுத்துக்கோங்க, பேர் ப்ரோல், நிஸ்ஸான் ஃபேர்லேடி கார். பேனட் அப்படியே மார்பாயிடும், முன் லைட்டு ரெண்டும் மார்புல நிக்கும், கதவு ரெண்டும் தோளுக்குப் பின்னால ரெக்கையா விரியும். காரைப் பாத்தா உள்ள ரோபோ இருக்குன்னு தெரியாது, ஆனா ரோபோவைப் பாத்தா இது கார்தான்னு ஒரு பார்வையிலயே தெரியும். எதையும் ஒளிக்கல, வெச்ச எடத்தை மாத்தியிருக்காங்க, அவ்ளோதான். பிரைமும் அப்படியே, லாரியோட முன் கண்ணாடிதான் அவன் நெஞ்சு. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையில அடியில கனம் வெச்சிருக்கற ஒரே ஒரு யோசனைதான் மொத்த வித்தையும், எத்தனை தடவை தள்ளினாலும் அலுக்காதில்ல, அந்த மாதிரி.

அப்புறம் சத்தம். கதவை மடிச்சா 'டிக்'குன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, பூட்டு போட்ட மாதிரி. கொஞ்ச பாகம் துத்தநாகக் கலப்பு உலோகம், அதான் கையில வெச்சா கனமா சில்லுனு இருக்கும். போன மாசம் கண்ணு தெரியாத ஒரு பெரியவர் பென்ஷன் பேப்பர் காப்பி எடுக்க வந்தாரு, பேரன் இங்க பொம்மை இருக்குன்னு சொல்ல, ப்ரோலைக் கையில குடுத்தேன். மாத்தற முறையை நான் சொல்லல. தடவித் தடவி, அஞ்சு நிமிஷத்துல காரை நிக்க வெச்சுட்டாரு, காலை இழுக்கறப்ப மட்டும் ஒரு செகண்ட் நிறுத்தி, "இது இன்னும் வருமா"ன்னு கேட்டாரு. வரும்னேன், இழுத்தாரு.

அந்த நீல டேப் ரெக்கார்டர் பாடுமா?

பாடாது. ஆனா பாடும்னு நம்பி ஏமாந்தவங்க கதை இருக்கு. அதுக்குப் பேர் சவுண்ட்வேவ், மைக்ரோ சேஞ்ச் வரிசை. மார்புல இருக்கற கதவு பட்டனை அமுக்கினா திறக்கும், உள்ள குட்டிக் கேசட் போடலாம், அந்தக் கேசட்டே பறவையாவோ மிருகமாவோ குட்டி ரோபோவாவோ மாறும். இதை நான் திருவாரூர்ல ஒரு ரேடியோ மெக்கானிக் கிட்ட இருந்து வாங்கினேன். அவர் சொன்னது: 1990 வாக்குல ஒரு வீட்டுல இருந்து "சிங்கப்பூர் டேப்பு, ஓட மாட்டேங்குது"ன்னு குடுத்தாங்களாம். இவரு பின்னாடி பேட்டரி மூடியைக் கழட்டியிருக்காரு, உள்ள ரெண்டு கட்டை பேட்டரி சைஸ்லயே இருக்கு, ஆனா பேட்டரி இல்ல. அது ரோபோவோட ஆயுதம், ஒளிச்சு வைக்க அந்த எடம். இவரு பெல்ட் போயிருக்கும்னு ஸ்க்ரூவைக் கழட்டி உள்ள பாத்தா மோட்டாரும் இல்ல, ஒண்ணும் இல்ல, ஒரு தலை இருக்கு.

பயந்துட்டேன் தம்பின்னு சிரிச்சாரு. அந்த வீட்டுக்காரங்க திரும்பி வரவே இல்ல, முப்பது வருஷமா பழைய ஐசி டப்பா பக்கத்துல கெடந்துச்சு. ஒரு ஸ்க்ரூ மட்டும் மாறியிருக்கு, ஏதோ ரேடியோ ஸ்க்ரூ. நான் மாத்தல.

வேளாங்கண்ணி திருவிழாவுல இதே பொம்மை அம்பது ரூபாய்க்கு கெடைக்குது. ஒரிஜினல்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

திருவிழாக் கடை பொம்மையை நான் மட்டம் தட்ட மாட்டேன், என் கிட்டயே நாலு இருக்கு. ஆனா வித்தியாசம் தெரியணும். முதல்ல கையில எடுத்து எடை பாருங்க, உலோகம் இருக்க வேண்டிய எடம் பிளாஸ்டிக்கா இருந்தா எடை காட்டிக் குடுத்துடும். அடுத்து அடிப்பக்கம், கால் உள்பக்கம், கதவு உள்பக்கம் எல்லாம் லென்ஸ் வெச்சுப் பாருங்க, டகாரா பேரும் வருஷமும் நாடும் பொடி எழுத்துல அச்சுலயே இருக்கும். போலியில அந்த எடத்தை வழிச்சு மொழுக்குன்னு விட்டிருப்பாங்க, சில சமயம் வழிச்ச தடமே மேடா தெரியும். மூணாவது, கோடுகள். ஒரிஜினல் பொம்மையை வெச்சு அச்சு எடுத்துச் செய்யற போலியில மூலை முடுக்கெல்லாம் மழுங்கிப் போயிருக்கும், கரும்புச் சக்கை ரெண்டாவது தடவை ஆட்டின மாதிரி.

இது போதாதுன்னு, கம்பெனியே பழைய அச்சுல மறுபடி போட்டு வித்ததும் உண்டு. டகாரா 2000-ல இருந்து, ஹாஸ்ப்ரோ 2002-ல இருந்து, அப்புறம் டகாராவும் டோமிங்கற கம்பெனியும் 2006-ல ஒண்ணாகி என்கோர்னு ஒரு வரிசை. அது போலி இல்ல, ஆனா பழசும் இல்ல. பழசுன்னு சொல்லி அதை விக்கறவங்க இருக்காங்க. நானே ஒரு தடவை ஆன்லைன்ல அப்படி வாங்கிட்டு, வந்த பார்சலைப் பிரிச்சா பிளாஸ்டிக் வாசனை புதுசா அடிக்குது. நாப்பது வருஷப் பொம்மைக்கு அந்த வாசனை இருக்காது.

அடியில 1982-ன்னு போட்டிருக்கு, அப்ப என் பொம்மை 82-ல செஞ்சதா?

இல்ல. அது அந்த உருவத்துக்கு உரிமை பதிஞ்ச வருஷம், செஞ்ச வருஷம் இல்ல. மைக்ரோ சேஞ்ச்ல இருந்து வந்ததுல 1974-ன்னும் சேத்துப் போட்டிருப்பாங்க, அது மைக்ரோமேன் ஆரம்பிச்ச வருஷம். "74 மாடல், அபூர்வம்"னு ஒருத்தர் என் கிட்ட விக்க வந்தாரு. டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வெச்சேன்.

ஒரு கறுப்பு ஸ்டிக்கர் இருக்கு, தேய்ச்சா முகம் தெரியணுமாமே? என்னுது தேய்க்காமலே தெரியுதே, கெட்டுப் போச்சா?

அது சூட்டுக்கு நிறம் மாறுற ஸ்டிக்கர். போலிக்காரன் அதைக் காப்பி அடிக்க முடியாதுன்னு 1985-ல இருந்து ஒட்டினாங்க, அதனால 1984-ல வந்ததுல இருக்காது, இல்லன்னா போலின்னு முடிவு பண்ணிடாதீங்க. விரல் சூடு பட்டா நல்லவன் முத்திரையோ கெட்டவன் முத்திரையோ தெரியும். குளிர் ஊருக்காரன் யோசிச்ச யோசனை. நம்ம ஊரு அக்னி நட்சத்திரத்துல மத்தியானம் கரண்ட் கட் ஆனா என் அலமாரியில எல்லா முகமும் தானா எட்டிப் பாக்கும். மார்கழி காலையில தேய்ச்சுப் பாருங்க, அப்பத்தான் சரியான சோதனை.

ஏவுகணை பாயவே மாட்டேங்குது, ஸ்பிரிங் போச்சா?

அமெரிக்காவுக்குப் போனதா இருந்தா அது அப்படித்தான். சின்னப் புள்ளைங்க வாயில பாஞ்சு தொண்டையில அடைச்சிடும்னு அமெரிக்கப் பதிப்புல ஸ்பிரிங்கை பலவீனமாக்கிட்டாங்க. ஜப்பான் பதிப்பு நல்லா பாயும். உங்களுது பாஞ்சா ஜப்பான்ல இருந்து வந்ததா இருக்கலாம். ஸ்பிரிங்கை இழுத்து விட்டு சரி பண்றேன்னு கெளம்பாதீங்க.

எங்க வீட்டுல இருக்கறது குட்டியா இருக்கு, பேரு கோபாட்னு சொல்றாங்க. இதுவும் அந்தக் கூட்டமா?

வேற கூட்டம். பாண்டாய் குழுமத்துல பாப்பின்னு ஒரு கம்பெனி 1982-ல மெஷின் ரோபோன்னு விட்டது, அமெரிக்காவுல டோங்கா கம்பெனி கோபாட்ஸ்னு வித்தாங்க. சின்னது, மலிவு, ஆனா உலோகம் நெறைய. ஹாஸ்ப்ரோ 1991-ல டோங்காவையே வாங்கிட்டாங்க, பங்காளி சண்டை அதோட முடிஞ்சுது. கோபாட்னா மட்டம்னு பேசறவங்க பேச்சைக் கேக்காதீங்க, பாய் வீட்டு ஸ்கூட்டர் ரோபோ இன்னும் ஒரு ஸ்க்ரூ ஆடாம நிக்குது.

வெள்ளை எல்லாம் மஞ்சளா போச்சு. ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டா வெளுக்குமாமே?

வெளுக்கும். இந்த பிளாஸ்டிக் ஏபிஎஸ், சீக்கிரம் தீப்பிடிக்காம இருக்க அதுல புரோமின் மருந்து கலந்திருந்தா வெயில் பட்டு மஞ்சளாகும், நிழல்ல இருந்தாலும் மெதுவா ஆகும். பியூட்டி பார்லர்ல தலைமுடிக்குப் போடற 12 சதவீத கிரீம் வாங்கி, ஸ்டிக்கரும் உலோகமும் இல்லாத பாகத்தை மட்டும் தனியா கழட்டி, கிரீமைத் தடவி, பாலிதீன் சுத்தி வெயில்ல வைக்கணும். கையில கிளவுஸ் கட்டாயம். வெளிநாட்டுக்காரங்க அதுக்குன்னு அல்ட்ரா வயலட் விளக்கு வாங்கறாங்க, நமக்கு மொட்டை மாடி போதும்.

ஆனா நான் பண்ணின கூத்தைக் கேளுங்க. சித்திரை மாசம், காலையில பத்து மணிக்கு வெச்சுட்டு கடைக்கு வந்துட்டேன், பரீட்சை சமயம், ஹால் டிக்கெட் கூட்டம், சாயங்காலம்தான் ஞாபகம் வந்துச்சு. போய்ப் பாத்தா கிரீம் காஞ்சு, பட்ட எடம் பால் வெள்ளை, படாத எடம் மஞ்சள், கறவை மாட்டு மடி மாதிரி திட்டுத் திட்டா. அது திரும்பவே இல்ல. அரை மணிக்கு ஒரு தடவை புரட்டி, கிரீமைத் திருப்பித் தடவணும். ஒழுங்கா பண்ணினாலும் ரெண்டு மூணு வருஷத்துல மஞ்சள் திரும்ப எட்டிப் பாக்கும். இப்ப நான் எதையும் வெளுக்கறதில்ல.

வெள்ளி மாதிரி மின்னுற பாகத்தை எதால துடைக்கறது? விபூதி போடலாமா?

போடாதீங்க. புளியும் வேண்டாம். அது வெள்ளி இல்ல, பிளாஸ்டிக் மேல காத்தில்லாத அறையில ஆவியா படிய வெச்ச அலுமினியம், வெங்காயச் சருகைவிட மெல்லிசு. எங்கம்மா பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்றப்ப நல்ல மனசோட பாத்திரம் விளக்குற பவுடர் போட்டு ஒரு துப்பாக்கியைத் தேய்ச்சாங்க, பளபளப்பு மொத்தமும் தேங்காய் நாருல வந்துடுச்சு. மெத்துனு ஒரு பருத்தித் துணி, ஈரம் இல்லாம, அதுவும் தொட்டும் தொடாமலும்.

நம்ம ஊரு மழைக்கும் வெக்கைக்கும் எப்படிப் பாதுகாக்கறது?

ஐப்பசி கார்த்திகையிலதான் பயம். அடைமழையில செவுரு ஊறும், அலமாரி செவுத்தோட ஒட்டி இருந்தா உள்ள பூஞ்சை புடிக்கும், ஸ்டிக்கர் ஓரம் சுருளும். நாலு விரக்கடை தள்ளி வைங்க, மாத்திரை டப்பாவுல வர்ற சிலிக்கா பொட்டலத்தைத் தூக்கிப் போடாம உள்ள போடுங்க. நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் உப்புக் காத்து வேற, மூட்டுல இருக்கற இரும்புப் பின் துருப்பிடிச்சு இறுகும். இறுகினா தேங்காண்ணெய் விடாதீங்க, புழுதியைப் புடிச்சு சேறாகும். சிலிக்கான் கிரீஸ் குண்டூசி முனை அளவு போதும்.

ரப்பர் டயர் இன்னொரு தொல்லை. ஸ்கூல்ல ஜாமெட்ரி பாக்ஸ்ல ரப்பரும் பிளாஸ்டிக் ஸ்கேலும் ஒண்ணா கெடந்து, ஸ்கேல்ல ரப்பர் உருகி ஒட்டிக்கும் பாத்திருப்பீங்க. ரப்பரை மெத்துனு வைக்கப் போட்ட எண்ணெய்ப் பசை கசிஞ்சு பக்கத்துல இருக்கற பிளாஸ்டிக்கைத் தின்னுது, அதேதான் இங்கயும். டயர் வேற பாகத்தைத் தொடாம நிக்க வைங்க. பேட்டரி போடறது இருந்தா, ஒமேகா சுப்ரீம் மாதிரி, செல்லைக் கழட்டிட்டு வைங்க.

2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப பட்டுக்கோட்டையில ஒரு சிநேகிதன் வீட்டு ஓடு பறந்து பத்தொம்பது பொம்மை ரெண்டு நாள் தண்ணியில கெடந்துச்சு. அவன் ஹேர் ட்ரையர் போட்டான், ஸ்டிக்கர் எல்லாம் கையோட வந்துச்சு. நனைஞ்சா தினசரி பேப்பர் மேல பரப்பி ஃபேன் காத்துல விடுங்க, கரண்ட் இல்லன்னா பனையோலை விசிறிதான், சூடு மட்டும் காட்டாதீங்க. அவனுக்கு அன்னிக்கு தென்னை போனதுக்கு அழறதா இதுக்கு அழறதான்னு தெரியல.

தங்கக் கலர் பொம்மை, பையன் சும்மா கையைத் தூக்கினான், பிஸ்கெட் மாதிரி உடைஞ்சுது. அடிச்சுட்டேன். அவன் தப்பா?

அவன் தப்பு இல்லீங்க, கூப்பிட்டு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுங்க. தங்கப்பொடி கலந்து சுழல் சுழலா தெரியற ஒரு வகை பிளாஸ்டிக் 80-கள் கடைசியில இருந்து புழங்குச்சு, அந்தக் கலவையே காலப்போக்குல தன்னைத்தானே பலவீனமாக்கிக்குது. சேகரிக்கறவங்க அதுக்கு கோல்ட் பிளாஸ்டிக் சிண்ட்ரோம்னே பேர் வெச்சிருக்காங்க. ஜப்பான்ல 1988-ல வந்த பிளாக் ஜாரக் இதுக்குப் பேர் போனது. பெட்டியைப் பிரிக்காம வெச்சிருந்தாலும் அது நொறுங்கும். அது வெயில், மழை, பையன் எதுக்கும் சம்பந்தம் இல்லாதது. அந்த வகை இருந்தா மாத்தாதீங்க, நிக்கற மாதிரியே நிக்கட்டும்.

ஜெட்ஃபயர் பொம்மையில வேற கம்பெனி முத்திரை இருக்கு, கார்ட்டூன்லயும் அது வேற மாதிரி இருக்கு. அப்ப போலி தானே?

நல்லா மாட்டிவிடற கேள்வி. 1985 ஜெட்ஃபயர் டகாரா அச்சு இல்ல. டகாடோகு டாய்ஸ்னு ஒரு கம்பெனி மேக்ராஸ்ங்கற ஜப்பான் கார்ட்டூன் தொடருக்காக செஞ்ச வால்கைரி விமானம், அதை வடிவமைச்சவர் ஷோஜி கவாமோரி, அவரே டயாக்ளோனுக்கும் வரைஞ்சிருக்காரு. டகாடோகு நொடிச்சுப் போய் அச்சு பாண்டாய் கைக்குப் போச்சு, ஹாஸ்ப்ரோ அந்த வழியில வாங்கி வித்தாங்க. டகாராவுக்குப் போட்டி பாண்டாய், உருவத்தோட உரிமை இன்னொருத்தர் கிட்ட, அதனால கார்ட்டூன்ல உருவத்தையும் மாத்தி பேரையும் ஸ்கைஃபயர்னு மாத்திட்டாங்க. அதனால வேற முத்திரை இருக்கறதை வெச்சு இதைப் போலின்னு சொல்ல முடியாது. ஆனா வெள்ளை மஞ்சளாறதுல இதுக்கு முதல் பரிசு, மேல சொன்ன கிரீம் பதிலைப் படிச்சுட்டு கை வைங்க.

கொலுவுல வைக்கலாமா? மாமியார் திட்டுவாங்களா?

எங்க வீட்டுல வருஷா வருஷம் வைக்கிறோம், படியில இல்ல, கீழ பார்க்குல. ஊர்ல ரோடு போடற காட்சி, பச்சைக் கலர்ல ஆறு கட்டுமான வண்டி இருக்கு, அதுதான் ரோடு போடும். ஆறும் சேந்தா டெவஸ்டேட்டர்னு ஒரே பெரிய ரோபோ. ஒன்பது நாளும் வண்டியா நிக்கும், விஜயதசமி அன்னிக்கு சாயங்காலம் பசங்க சேத்து நிக்க வெச்சுடுவாங்க. ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வெக்கணும்ல, மரப்பாச்சியோட சவுண்ட்வேவையும் டேப்பா மடிச்சுப் படுக்க வெச்சோம். சுண்டல் வாங்க வந்த மாமி ஒருத்தங்க "இதுல எம்.எஸ். கேசட்டு போடேன்டா"ன்னாங்க.

வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா வரி உண்டா? மச்சான் துபாய்ல இருந்து மெகட்ரான் கொண்டாரேங்கறான்

பொம்மைக்கு இறக்குமதி வரி 2020-ல 20-ல இருந்து 60 சதவீதம் ஆச்சு, 2023-ல 70. "கிஃப்ட்னு எழுதி அனுப்பு, வரி கிடையாது"ன்னு சொல்றது பழைய கதை, 2019 டிசம்பர்ல அதுவும் போச்சு. பழம்பொருள்னு சொல்லவும் முடியாது, அதுக்கு நூறு வருஷம் ஆகணும்.

மெகட்ரான் விஷயம் சீரியஸா சொல்றேன். அது வால்தர் பி38 கைத்துப்பாக்கி, தூரத்துல இருந்து பாத்தா நிஜம் மாதிரியே இருக்கும். அமெரிக்காவுலயே பொம்மைத் துப்பாக்கி முனையில ஆரஞ்சு அடையாளம் வேணும்னு 80-கள் கடைசியில சட்டம் வந்துச்சு, 1993-ல மெகட்ரானையே டாங்கியா மாத்திட்டாங்க. ஏர்போர்ட்டுல கைப்பையில இருந்து அது வெளிய வந்தா உங்க மச்சான் பாடு திண்டாட்டம். வாங்க வேண்டாம்னு சொல்லிடுங்க.

உங்க லாரி ரோபோவுக்கு ரெண்டு கையும் இல்லையே, வாங்கிப் போடக் கூடாதா?

பிரைமோட முஷ்டி ரெண்டும் தனித்தனியா கழண்டு வரும், லாரியா மாத்தறப்ப கழட்டி வைக்கணும். ஒண்ணையும் கழட்ட வேண்டாம்னு மேல சொன்னதுக்கு இது விதிவிலக்கு, உலகம் பூரா அதிகம் தொலைஞ்ச பாகங்கள்ல இதுவும் ஒண்ணு. என்னுது அரிசிலாத்துல போச்சு. ஆடிப்பெருக்கு அன்னிக்கு லாரியை மணல்ல ஓட்டிட்டு இருந்தேன், முஷ்டி டவுசர் பையில, அப்படியே தண்ணியில எறங்கிட்டேன்.

புதுசா செஞ்சு விக்கறாங்க, ஒரு ஜோடி வாங்கினேன், கச்சிதமா உக்காந்துச்சு. நீலம் மட்டும் ஒரு பிடி கூடுதல். ரெண்டு நாள் போட்டிருந்துட்டு கழட்டி கல்லா டப்பாவுல போட்டுட்டேன், பழைய அஞ்சு பைசா காசோட கெடக்கு. உங்க பிரைமுக்கு கை இல்லன்னா கொண்டாங்க, போட்டுப் பாத்து சரியா இருந்தா எடுத்துக்கோங்க. மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் கடை சாத்தியிருக்கும்.